ஃபார்ம் டி ஐந்தாம் ஆண்டு முடித்த கையோடு 1.2 லட்சத்துக்கு டிப்ளமா தேவையா?

கேள்வி: என் மகள் ஃபார்ம் டி என்னும் ஆறாண்டு மருந்தியல் படிப்பில் ஐந்தாம் ஆண்டை முடிக்கிறாள். ஆண்டுக்கு 1.2 லட்சம் வீதம் மொத்தம் 6 லட்சம் ரூபாய் கல்விக் கடன்; வட்டி 10%. இதுவரை ஒரு பைசாவும் திருப்பிக் கட்டவில்லை. கையில் 1.5 லட்சம் இருக்கிறது. கிளினிக்கல் ரிசர்ச் (மருந்துகளை மனிதர்களிடம் பரிசோதிக்கும் ஆய்வு) டிப்ளமாவுக்கு ஒரு தனியார் நிறுவனம் 1.2 லட்சம் கேட்கிறது. நூறு சதவீதம் வேலை நிச்சயம் என்கிறார்கள். அதில் சேர்ப்பதா, கடனைக் கட்டுவதா? பிறகு பிஎச்.டி. செய்யும் எண்ணமும் அவளுக்கு உண்டு.

பதில்: டிப்ளமா இப்போது வேண்டாம். கடனையும் இன்றே ஓடிப்போய்க் கட்ட வேண்டியதில்லை.

கல்விக் கடனுக்குப் படிப்புக் காலத்திலும், அதன்பின் வழக்கமாகக் கிடைக்கும் ஓராண்டு அவகாசத்திலும் பெரும்பாலான வங்கிகள் தனிவட்டிதான் கணக்கிடுகின்றன. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் பணம் பட்டுவாடா ஆகியிருந்தால், ஐந்து ஆண்டு முடிவில் உங்கள் வட்டி பாக்கி 1.8 லட்சம். மருத்துவமனைப் பயிற்சியான ஆறாம் ஆண்டுக்கு 60,000, அவகாச ஆண்டுக்கு இன்னொரு 60,000. தவணை தொடங்கும் நாளில் இந்த 3 லட்சமும் அசலில் ஏறி, கடன் 9 லட்சமாகிவிடும். பத்து ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 11,890 ரூபாய் வரும். அந்த நாளுக்கு முன்பே 1.5 லட்சத்தைக் கட்டிவிட்டால் கடன் 7.5 லட்சத்தில் நிற்கும். தவணை சுமார் 9,910. பத்து ஆண்டில் தவணைகளில் குறைவது ஏறக்குறைய 2.38 லட்சம்; கட்டிய 1.5 லட்சத்தைக் கழித்தால் நிகர மிச்சம் சுமார் 88,000.

தனிவட்டியில், நிலுவையில் நிற்கும் வட்டிக்கு மேல் வட்டி ஏறாது. ஆகவே வட்டி பாக்கியை இன்று கட்டினாலும், தவணை தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது கட்டினாலும் கடனில் வித்தியாசம் இல்லை. இடைப்பட்ட காலத்துக்குப் பணத்தை வைப்புநிதியில் போட்டால் அதன் வட்டி உங்களுக்கு. அவசரத்துக்கும் கையில் பணம் இருக்கும். ஆனால் முதலில் கடன் கணக்கின் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். புதிதாகப் பட்டுவாடா எதுவும் இல்லாத மாதங்களிலும், அந்தந்த மாதத்துக்கு மட்டும் போடும் வட்டி முந்தைய மாதத்தைவிடக் கூடிக்கொண்டே போனால், அங்கே கூட்டுவட்டி ஓடுகிறது. அப்படியானால் காத்திருக்காதீர்கள், உடனே கட்டுங்கள். கல்லூரி ஆறாம் ஆண்டுக்கும் கட்டணம் வாங்கினால், அதை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி டிப்ளமா. இந்திய பார்மசி கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஃபார்ம் டி ஐந்தாம் ஆண்டிலேயே கிளினிக்கல் ரிசர்ச் ஒரு பாடம். உங்கள் மகள் அதைப் படித்துத் தேர்வும் எழுதுகிறாள்; அதே பாடத்துக்கு இன்னொரு சான்றிதழ் வாங்கத்தான் 1.2 லட்சம். ஆறாம் ஆண்டுப் பயிற்சியோ முழுக்க மருத்துவமனை வார்டில்: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். வேலை கொடுப்பவர்கள் நேர்காணலில் துருவுவது இந்த ஆண்டைத்தான். பலர் இதைக் கையெழுத்துப் போட்டே கழித்துவிட்டு, பிறகு டிப்ளமா தேடிப் போகிறார்கள்.

அந்த ஆண்டை எப்படிப் பயன்படுத்துவது? சி.டி.ஆர்.ஐ. என்னும் மருந்துப் பரிசோதனைப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம் என்பதால், எந்த மருத்துவமனையில் எந்தப் பரிசோதனை நடக்கிறது, முதன்மை ஆய்வாளர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தன் மருத்துவமனையின் பெயரைத் தேடி, அந்த மருத்துவரிடம் நேரில் போய், ஆய்வு ஒருங்கிணைப்பாளருக்கு உதவ அனுமதி கேட்கட்டும். ஒப்புதல் படிவம், நோயாளி வருகைப் பதிவு, மூல ஆவணச் சரிபார்ப்பு (ஆய்வுப் பதிவை நோயாளியின் அசல் மருத்துவமனை ஆவணத்தோடு ஒப்பிடுவது) ஆகியவற்றை அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும். வார்டில் மருந்தால் ஒவ்வாமை வந்தவருக்குப் பக்கவிளைவு அறிக்கைப் படிவத்தை நிரப்பி, கல்லூரியில் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையம் இருந்தால் அங்கே கொடுக்கட்டும். பார்மகோவிஜிலன்ஸ், அதாவது மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் வேலைக்கு அதுதான் அரிச்சுவடி. மருந்துப் பரிசோதனையை முறையாக நடத்துவதற்கான நெறிமுறையான ஜி.சி.பி.யில் சான்றிதழ் பெற இணையத்தில் இலவசப் பயிற்சிகள் இருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் வேலை கிடைக்காமல் போனால் டிப்ளமாவை யோசிக்கலாம். அப்போது அவர்களிடம் சில கேள்விகள். 1.2 லட்சத்தில் ஜி.எஸ்.டி. அடக்கமா? தனியார் பயிற்சிக்கு 18% தனியாகச் சேர்ந்தால் கட்டணம் 1,41,600. ஒப்பந்தத்தில் 'வேலை' என்று இருக்கிறதா, 'வேலைக்கான உதவி' என்று இருக்கிறதா? இரண்டாவதுதான் என்றால், நாலு நேர்காணலுக்கு அனுப்பியதுமே அவர்கள் கடமை முடிந்தது. ஜி.சி.பி. நெறிமுறையின் புதிய பதிப்பான இ6 ஆர்3, 2025 ஜனவரியில் வந்தது. இன்னும் பழைய பதிப்பான ஆர்2-வையே நடத்துகிறார்களா? பரிசோதனையில் கடுமையான பாதகம் நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2019 விதி. அந்த அறிக்கை ஒன்றை மாணவர் கையாலேயே எழுத வைக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இன்னொன்று: 'வட்டியில்லாத் தவணை' என்று அங்கேயே கையெழுத்து வாங்குவார்கள். பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன். பாதியில் படிப்பை விட்டாலும் தவணை ஓடும். கட்டாவிட்டால் அடி விழுவது சிபில் மதிப்பெண்ணுக்கு.

பிஎச்.டி.யைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: உதவித்தொகை இல்லாமல் சேர வேண்டாம். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் பொதுவாக ஆறு ஆண்டு. மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) விகிதம் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கையில் வந்தால் 9,910 தவணையைச் சமாளிக்கலாம். வராவிட்டால் தவணை உங்கள் தலையில்தான். சேரும் முன்பே வங்கிக்கு எழுதி, அவகாசத்தை நீட்டிப்பார்களா என்று கேளுங்கள்.

வரிச் சலுகையையும் கவனியுங்கள். கல்விக் கடன் வட்டிக்கான கழிவு (80இ) பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. அதுவும் வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குத்தான், அசலுக்குக் கிடையாது. கடன் உங்கள் பெயரிலும் இருந்து, நீங்கள் பழைய முறையில் இருந்தால், அந்த 1.5 லட்சத்தை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டி, வங்கியிடம் வட்டிச் சான்றிதழ் வாங்கி வையுங்கள்.