ஸ்லாட் கேன்யன் (தண்ணீர் அரித்த குறுகலான பாறைப் பிளவு) பார்க்க எந்த மாதம், எந்த நேரம்? கேள்வி பதில்

கேள்வி: ஆகஸ்டில் அரிசோனா போகிறோம். வானிலைச் செயலியில் பேஜ் ஊருக்கு மழையே காட்டவில்லை. ஆன்டிலோப் கேன்யனுக்கு அந்த மாதம் சரிதானே?

ஊரில் மழை இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. கேன்யனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ, அந்த மேட்டுநிலத்தில் மழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே நிலம் பெரும்பாலும் மொட்டைப் பாறை, இல்லாவிட்டால் வெயிலில் இறுகிய மண். விழும் மழை உறிஞ்சப்படாமல் அப்படியே ஓடி வரும். அகலமாக ஓடி வந்த தண்ணீர் ஒரு ஆள் அகலச் சந்துக்குள் நுழையும்போது வேறு வழியில்லாமல் உயரும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று லோயர் ஆன்டிலோப்பில் (கேன்யனின் முக்கிய இரு பகுதிகளில் ஒன்று, மற்றது அப்பர்) 11 பயணிகள் இறந்தது இப்படித்தான். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை, புயல் பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்தது. அப்போது அங்கே மர ஏணிகள்தான் இருந்தன. இன்று பாறையில் பொருத்திய இரும்புப் படிகள் இருக்கின்றன, நவாஹோ (அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பழங்குடியினர்) வழிகாட்டி இல்லாமல் யாரையும் விடுவதில்லை.

ஆகவே ஆகஸ்டில் போகலாம், காலையில் போங்கள். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். வழிகாட்டி ரத்து செய்தால் வாதாடாதீர்கள்.

கேள்வி: டிசம்பரில் போனால் பணம் வீண் என்கிறார்கள். ஒளித்தூண் இல்லாத ஆன்டிலோப்பில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒளித்தூண் என்பது அப்பர் ஆன்டிலோப்பில், மார்ச் நடுப்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டி விழும் கற்றை. அப்பரின் பிளவு மேலே குறுகி, கீழே அகலமாக இருக்கும். சூரியன் உச்சிக்கு வந்தால்தான் ஒளி தரைவரை இறங்கும். காற்றில் தூசி இருந்தால்தான் அதுவும் தூணாகக் கண்ணுக்குத் தெரியும்.

கேன்யனின் நிறம் வேறு விஷயம். மேல் விளிம்பில் பட்ட வெயில் எதிர்ச்சுவருக்குத் தெறித்து, அங்கிருந்து இன்னொரு வளைவுக்குத் தெறித்து இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் மணற்கல்லின் சிவப்பு ஒளியில் ஏறுகிறது. மேலே மஞ்சள், நடுவில் ஆரஞ்சு. வானத்தின் நீலம் மட்டும் எட்டும் அடிமடிப்புகளில் ஊதா. குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வருவதால் இந்த ஊதா இன்னும் அழுத்தமாகத் தெரியும், கூட்டமும் குறைவு.

அதே நண்பர் மீண்டும்: எல்லாப் படத்திலும் தூண்தானே இருக்கிறது? அதற்குத்தானே மக்கள் போகிறார்கள்?

படத்தில் வருவது சில நொடிகள். அந்த நேரத்துக்கான சுற்றுலாவுக்குத்தான் விலையும் அதிகம், நெரிசலும் அதிகம். முக்காலி வைக்கவும் இப்போது அனுமதி கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தில் பின்னால் வரிசை காத்திருக்கும். தூண் அழகானதுதான், மறுக்கவில்லை. அது இல்லாவிட்டால் கேன்யனே வீண் என்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

இன்னொருவர்: நான் ஜனவரியில் லோயர் போனேன். அந்த ஊதாவை மறக்கவே முடியவில்லை. இவர் சொல்வது சரி.

லோயர் மேலே விரிந்து கீழே குறுகும் அமைப்பு, அதனால் வருடம் முழுக்க ஒளி உள்ளே வரும். காலையும் பிற்பகலும் நன்றாக இருக்கும். குளிர்காலக் காலைகள் உறைநிலைக்கும் கீழே போகும், அதற்கேற்ற உடை வேண்டும்.

முதல் நண்பர்: சரி, தூணும் வேண்டும், வெள்ள பயமும் குறைய வேண்டும். எப்போது?

மே மாதம், அல்லது ஜூன் முதல் பாதி. அரிசோனாவின் மிக வறண்ட காலம் அது, தூணும் இருக்கும். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

கேள்வி: ஜூலையில் டிக்கெட் போட்டுவிட்டோம், போகலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். காலை நேரம்.

கேள்வி: யூட்டாவில் ஜயான் தேசியப் பூங்காவின் நாரோஸ் பள்ளத்தாக்குக்கும் மே மாதம்தானா?

இல்லை, அங்கே கணக்கு மாறும். நாரோஸில் நடப்பதே வர்ஜின் ஆற்றுக்குள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும். ஓட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்லது. செப்டம்பர் நடுப்பகுதியை மட்டும் நம்பாதீர்கள்: 2015 செப்டம்பர் 14 அன்று ஜயானின் கீஹோல் கேன்யனில் 7 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள்.

கேள்வி: ஆகஸ்டில் பக்ஸ்கின் கல்ச் என்ற நீண்ட ஸ்லாட் கேன்யன் முழுவதையும் நடக்க ஆசை. வானம் தெளிவாக இருந்தால்?

வேண்டாம். தலைக்கு மேல் தெரியும் வானம் எதையும் சொல்லாது என்று மறுபடியும் சொல்கிறேன். பக்ஸ்கின் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும், நடுவில் ஏறித் தப்பிக்க இடம் மிக அரிது. உள்ளே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் இரண்டு சுவர்களுக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு வெகு மேலே, மரத்தண்டுகள் குறுக்கே செருகிக்கொண்டு நிற்கும். பட்டை உரிந்து, முனை சிதைந்து கிடக்கும் அந்தக் கட்டைகளை அங்கே கொண்டுபோய் வைத்தது தண்ணீர். அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் எந்த உயரத்தில் ஓடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

கேள்வி: பேஜில் தங்க நல்ல ஹோட்டல் எது?

அது எனக்குத் தெரிந்த துறை இல்லை. பயணத் தளங்களில் பாருங்கள்.

கேள்வி: ஆன்டிலோப்பில் ட்ரோன்?

அனுமதி இல்லை.

கேள்வி: ஜோர்டானில் பெட்ராவின் சீக் என்ற குறுகிய பாறைச் சந்து வழியாக நடக்கப் போகிறேன். அங்கேயும் ஆகஸ்டைத் தவிர்க்க வேண்டுமா?

நல்ல கேள்வி. ஒரு இடத்து நாட்காட்டியை இன்னொரு இடத்துக்குத் தூக்கிப் போகக் கூடாது. ஜோர்டானில் மழை குளிர்காலத்தில் வரும்; ஆகஸ்டில் வெயில் கொளுத்தும், வெள்ளம் வராது. சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள சீக்கில் வெள்ளம் நுழையாமலிருக்க பெட்ராவை உருவாக்கிய பண்டைய நபட்டேயர்களே அணை கட்டி, பாறையைக் குடைந்து தண்ணீரைத் திருப்பினார்கள். அப்படியும் 1963-இல் அங்கே பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 நவம்பரில் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. வெயிலும் மழையும் மிதமாக இருப்பது ஏப்ரல் கடைசியும் அக்டோபர் தொடக்கமும். அப்போதும் முந்தைய நாள் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: செப்டம்பர் முதல் வாரம், பேஜில் மழை இல்லை என்று செயலி சொல்கிறது...

மேட்டுநிலத்தைப் பாருங்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: யூட்டாவிலிருந்து காரில் வருகிறோம். காலை 10 மணிச் சுற்றுலாவுக்கு எப்போது கிளம்ப வேண்டும்?

கோடையில் யூட்டா கடிகாரம் பேஜை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நவாஹோ நிலத்தின் பிற பகுதிகளிலும் அப்படியே. ஆனால் ஆன்டிலோப் சுற்றுலாக்கள் அரிசோனா நேரப்படி நடக்கும். தொலைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், அதனால் கடிகாரத்தைக் கையால் ஃபீனிக்ஸ் (அரிசோனா) நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்கு அரைமணி முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுங்கள். குளிர்காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை.