சேலம் பஞ்சச் சாவு: பதிவேடா, மக்கள்தொகைக் கணக்கா?

1876–78 பஞ்சத்தில் சேலம் மாவட்டத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இறப்புப் பதிவேடு ஒன்று சொல்கிறது, மக்கள்தொகைக் கணக்கு வேறு சொல்கிறது என்கிறீர்கள். பதிவேட்டைக் குறைந்தபட்சமாக மட்டும் எடுங்கள். 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் 16 லட்சம்தான்.

பதிவேடு குறைத்துக் காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: பதிவு ஊர் மணியக்காரர், கணக்குப்பிள்ளை கையில் இருந்தது. வழியில் விழுந்தவர்களை, ஊரே காலியான இடங்களில் செத்தவர்களை யார் எழுதுவது? எழுதினாலும் காலரா, பேதி என்றுதான் பெரும்பாலும் விழும். பட்டினி என்று எழுதினால் மேலே கேள்வி வருமே!

ஒரு சோதனை செய்து பாருங்கள். பஞ்சத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு சாதாரண ஆண்டின் பதிவான சாவுகளை 1871 மக்கள்தொகையால் வகுங்கள். ஆயிரத்துக்கு 20, 22 என்று வந்தால், நல்ல காலத்திலேயே பதிவேடு ஒழுகுகிறது என்று பொருள். அந்தக் காலத்தில் அவ்வளவு குறைந்த சாவு நம்பும்படி இல்லை.

அதற்காகக் குறைந்த 3.7 லட்சத்தையும் அப்படியே சாவு என்று எழுதிவிடாதீர்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களும், பிறக்காமலே போன குழந்தைகளும் அதில் அடக்கம். பிறப்பு எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட, 1881 வயது அட்டவணையில் சிறு குழந்தைகளின் வரிசையைத் தனியாகப் பாருங்கள்.