ஏற்காட்டு வீட்டில் கீசர் அடிக்கடி அணைந்து எரிவது ஏன்?

ஏற்காட்டில் போர் தண்ணீர் பயன்படுத்தும் உங்கள் வீட்டில், 25 லிட்டர் கீசரின் விளக்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை அணைந்து எரிவதாகவும், தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் நன்றாகச் சூடான பின் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்துவதும், ஆறியதும் மீண்டும் கொடுப்பதும் இயல்பே. சூடாகும் முன்பே நிறுத்துவதுதான் கோளாறு.

பெரும்பாலும் இதற்கு உப்புப் படிவே காரணம். கடின நீரைச் சூடாக்கும்போது அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் ஹீட்டர் காயிலின் மீது படிந்து, வெப்பம் தண்ணீருக்குப் பரவாமல் தடுப்பதால், காயிலை ஒட்டியிருக்கும் தெர்மோஸ்டாட் மட்டும் விரைவில் சூடேறி மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. சேலத்தில் எங்கள் வீட்டுக் கீசரைத் திறந்தபோது, காயில் முழுவதும் முட்டையோடு போன்ற வெள்ளைப் பொருக்கு மூடியிருந்தது. மெல்லத் தட்டியதும் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. சுத்தம் செய்து மாட்டிய அன்றே பழையபடி கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்தது.

படிவு இல்லையென்றால், தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம். அதன் விலை அதிகமில்லை, மாற்றிவிடலாம். பிளக்கின் முனைகள் கருகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். திறக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். தெர்மோஸ்டாட்டை நீக்கிவிட்டு நேரடியாக இணைத்துத் தருவதாக யாரேனும் சொன்னால் ஒருபோதும் இசையாதீர்கள். அழுத்தம் ஏறித் தொட்டியே வெடிக்கக்கூடும்.