தைராய்டு மாத்திரையை நிறுத்தினால் இதயம் ஆறுமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அப்பாவுக்கு 63 வயது. போன வருடம் மாரடைப்பு வந்தது. தைராய்டு குறைவுக்காகப் பல வருடமாகத் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) சாப்பிடுகிறார். இதயம் தன்னைச் சரிசெய்துகொள்வதைத் தைராய்டு ஹார்மோன்தான் தடுக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறார். எப்படிப் புரியவைப்பது?”

முதல் வேலையாக இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். சில நாள் விட்டிருந்தால் பெரும்பாலும் பழைய அளவிலேயே தொடரலாம். வாரக்கணக்கில் விட்டிருந்தால், இதயத்தை முன்னிட்டுக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து விழுங்க வேண்டாம்.

அப்பா படித்தது பொய்யல்ல. பிறந்து ஒரு நாளே ஆன எலிக்குட்டியின் இதயத்தில் ஒரு துண்டை வெட்டினாலும் மூன்றே வாரத்தில் புதுத்தசை வளர்ந்துவிடுகிறது. ஏழு நாள் குட்டிக்கு அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். இது 2011இல் வந்த ஆய்வு. பிறந்த பிறகு குட்டியின் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் ஏறுகிறது. அதன் தூண்டுதலோடு இதயத் தசைச் செல்கள் முதிர்கின்றன: சுருங்கும் இழைகள் ஒழுங்காக அடுக்கப்படுகின்றன, கால்சியத்தை விரைவாக இழுத்துக்கொள்ளும் புரதம் பெருகுகிறது, சர்க்கரையை எரித்த செல் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. ஓயாமல் துடிக்க இந்த உறுதி வேண்டும். அதற்கு விலையாகச் செல் இரண்டாகப் பிரிந்து பெருகும் திறனை ஏறக்குறைய இழந்துவிடுகிறது. இதயத் தசைச் செல்களில் மட்டும் தைராய்டு சமிக்ஞை எட்டாதபடி மரபணுவை மாற்றி வளர்த்த எலிகளில், பெரிதான பிறகும் செல்கள் பிரிந்ததை 2019இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்பா படித்தது இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த எலிகளில் தைராய்டு சமிக்ஞைக்கான தடை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. உங்கள் அப்பாவின் செல்கள் முதிர்ந்து அறுபது வருடம் ஆகிறது. மாத்திரையை நிறுத்துவதால் அவை குழந்தைப் பருவத்துக்குத் திரும்பாது. துடிப்புதான் மந்தமாகும், கெட்ட கொழுப்பு ஏறும், சிலருக்கு இதயத்தைச் சுற்றி நீர்கூடக் கோத்துக்கொள்ளும். ஏற்கெனவே அடிபட்ட இதயத்துக்கு இதைச் செய்யாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சியே கேட்பேன்.

கூடுதலாகப் போட்டால் இதயம் தேறும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். மாரடைப்புக்குப் பின் லேசான தைராய்டு குறைவு இருந்த 95 பேரை வைத்து பிரிட்டனில் சோதித்தார்கள். ஓராண்டு தைராக்சின் எடுத்தும் இதயத்தின் பம்ப் திறன் கூடவில்லை. அளவு மிஞ்சினால் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து வேறு இருக்கிறது.

அப்புறம், அப்பா மாத்திரையை எதோடு விழுங்குகிறார் என்று பாருங்கள். காலையில் காப்பிக்கடையில் கோப்பி ஓவோடு (பால் சேர்க்காத கோப்பி) சேர்த்து விழுங்குபவர்கள் நிறைய. கோப்பி மருந்தை உடலில் முழுதாகச் சேரவிடாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் கோப்பி குடிக்கட்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மறுபடி தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முடி வளர பயோட்டின் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது முடிவைத் தவறாகக் காட்டும்.