2019 ஆல்-எஸ்.இ.சி. ஃபுட்பால் அணி: கேள்வி பதில்

(எஸ்.இ.சி. என்பது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற லீக். அதன் அணிகளின் பயிற்சியாளர்கள் ஓட்டுப் போட்டு, சீசனின் சிறந்த வீரர்களை முதல் அணி, இரண்டாவது அணி என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலே இங்கே பேசப்படுவது.)

கேள்வி: சார், எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியின் ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடித்து ஓடுபவர், ஜஸ்டின் ஜெஃபர்சன் அந்த சீசனில் 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது). பயிற்சியாளர்கள் ஏன் அவரை இரண்டாவது அணியில் போட்டார்கள்?

பதில்: நீங்கள் சொல்வது ஜனவரி வரைக்கும் உள்ள கணக்கு. டிசம்பர் 7-ல் எல்.எஸ்.யூ. ஜார்ஜியாவை 37-10 என வென்று கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கிய சில நாளிலேயே பட்டியல் வந்துவிட்டது. அதனால் பின்னால் ஆடியதைக் கழித்துப் பாருங்கள். பீச் பௌலில் (பௌல் என்பது வழக்கமான சீசன் முடிந்தபின் நடக்கும் ஆட்டம்) ஓக்லஹோமாவுக்கு எதிராக 14 கேட்ச், 227 யார்டு, 4 டச்டவுன். தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் கிளெம்சனுக்கு எதிராக 9 கேட்ச், 106 யார்டு. மிஞ்சுவது 88 கேட்ச், 1,207 யார்டு, 14 டச்டவுன்.

முதல் அணிக்குப் போன அலபாமாவின் ஜெரி ஜூடிக்கு மொத்தம் 77 கேட்ச், 1,163 யார்டு, 10 டச்டவுன். சிட்ரஸ் பௌலைக் கழித்தால் 71 கேட்ச், 959 யார்டு, 9 டச்டவுன். எல்.எஸ்.யூ. ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடியது உண்மை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வகுத்தாலும் ஜெஃபர்சனுக்குச் சுமார் 93 யார்டு, ஜூடிக்கு 80. ரிசீவர்களுக்கு முதல் அணியில் இரண்டே இடம். ஒன்று எல்.எஸ்.யூ.வின் ஜமார் சேஸுக்குப் போனது சரிதான். இன்னொன்று ஜெஃபர்சனுக்குப் போயிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: பயிற்சியாளர்கள் தங்கள் பையன்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ள மாட்டார்களா?

பதில்: முடியாது, விதி தடுக்கிறது. அன்று கான்ஃபரன்ஸில் 14 அணிகள். எல்.எஸ்.யூ.வின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ பரோவுக்கு அந்த அணியின் அன்றைய பயிற்சியாளர் எட் ஆர்ஜெரான் ஓட்டுப் போட முடியாது, மற்ற 13 பேர்தான் போடலாம். சமநிலை வந்தால் உடைப்பதில்லை, இருவரையும் சேர்த்துவிடுவார்கள். சில வருடம் ஒரு இடத்தில் ஆள் கூடுதலாக இருப்பது இதனால்தான். அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம் வெளியிடுவது பத்திரிகையாளர்கள் ஓட்டில் வரும் வேறு பட்டியல். இரண்டையும் கலந்து எண்ணினால் குழப்பம்தான் மிஞ்சும்.

கேள்வி: கென்டக்கியின் லின் போடன் குவார்ட்டர்பேக் ஆடினாரே, "ஆல்-பர்ப்பஸ்" (பல வேலையும் செய்பவர்) என்று ஏன் போட்டிருக்கிறது?

பதில்: சீசனை ரிசீவராகத் தொடங்கினார். குவார்ட்டர்பேக்குகள் அடிபட்டதால் பாதியில் அந்த இடத்துக்கு வந்து, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே பௌல் ஆட்டத்தையும் சேர்த்து 1,468 யார்டு எடுத்தார். குவார்ட்டர்பேக்காகப் பார்த்தால் இருக்கும் ஒற்றை இடத்துக்கு பரோவோடு மோத வேண்டும். ரிசீவராகப் பார்த்தால் பாதி சீசன் கணக்கில் வராது. இப்படிப்பட்டவருக்காகத்தான் அந்த இடமே இருக்கிறது.

கேள்வி: எல்.எஸ்.யூ.வின் தடுப்பாட்டக்காரர் டெரெக் ஸ்டிங்லி முதல் வருட மாணவர், முதல் அணியிலும் இருக்கிறார். சிறந்த முதல் வருட வீரர் விருது மட்டும் ஆபர்னின் போ நிக்ஸுக்கா?

பதில்: இரண்டும் தனித்தனி ஓட்டு. ஒன்றில் ஜெயித்தவர் மற்றதிலும் ஜெயித்தாக வேண்டும் என்று விதி இல்லை. 6 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்த ஸ்டிங்லிக்கே நான் போட்டிருப்பேன்.