யூட்டா பாட்டியின் பூர்வீகம் தேடுவோருக்கு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் கணவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். அவருடைய பாட்டிக்குப் பாட்டி 1856ல் இங்கிலாந்திலிருந்து வந்து, கைவண்டி இழுத்துக்கொண்டே சால்ட் லேக் சிட்டி வரை நடந்தவராம். கல்லறையில் இருக்கும் பெயரைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்கே ஆரம்பிக்க?

பதில்: இங்கிலாந்தில் ஆரம்பிக்காதீர்கள், எல்லாரும் அங்கேதான் சறுக்குகிறார்கள். கல்லறையில் இருப்பது புகுந்த வீட்டுப் பெயர், அதை வைத்துக்கொண்டு கடல் தாண்டி ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கடைசிக் காலத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1905க்குப் பிறகு இறந்திருந்தால் யூட்டா மாநில இறப்புச் சான்றிதழ் இருக்கும், அதில் அவருடைய அப்பா அம்மா பெயருக்கு இடம் உண்டு. ஆனால் அதைச் சொன்னது துக்க வீட்டில் இருந்த மகனோ மருமகனோதான், அதனால் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1900ல் உயிரோடு இருந்தாரென்றால் அந்த வருட அமெரிக்கக் குடிக்கணக்கைக் கட்டாயம் பாருங்கள். எந்த வருடம் நாட்டுக்குள் வந்தார், எத்தனை பிள்ளை பெற்றார், அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருப்பார்கள்.

கேள்வி: கைவண்டிக் கதை உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: யூட்டாவில் பாதிக் குடும்பங்கள் இந்தக் கதையைச் சொல்லும்! கைவண்டிக் கூட்டங்கள் 1856 முதல் 1860 வரை மொத்தம் பத்துதான், சுமார் 3,000 பேர். மற்றவர்களில் பெரும்பாலானோர் மாட்டு வண்டியில் வந்தார்கள், 1869ல் ரயில் பாதை இணைந்த பிறகு ரயிலில். நல்லவேளை, இப்படி வந்து யூட்டாவில் குடியேறிய மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையினர் எதையும் எழுதி வைக்கிறவர்கள். லிவர்பூலில் கப்பலேறியவர்களின் பதிவேடுகள் 1849 முதல் 1885 வரை இருக்கின்றன, சமவெளியைக் கடந்தவர்களின் பெயர்களைக் கூட்டம் கூட்டமாக சபையின் வரலாற்றுத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1856ல் தார்ன்டன் கப்பலில் வந்தவர்களில் நிறையப் பேர் வில்லி என்ற கைவண்டிக் கூட்டத்திலும், ஹொரைசன் கப்பலில் வந்தவர்களில் நிறையப் பேர் மார்ட்டின் கூட்டத்திலும் சேர்ந்தார்கள். இரண்டுமே தாமதமாகக் கிளம்பி அக்டோபரில் வழியிலுள்ள வயோமிங் பகுதியின் பனியில் மாட்டிக்கொண்டன, இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் பாட்டியின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், பக்கத்தில் உள்ள பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகாத பெண் அக்காவோடோ தம்பியோடோ வந்திருப்பாள், அங்கேதான் பிறந்த வீட்டுப் பெயர் அகப்படும்.

கேள்வி: குடியுரிமைப் பத்திரம் எங்கே தேடியும் கிடைக்கவில்லையே?

பதில்: அவர் பெயரில் அநேகமாக இருக்காது. 1855 சட்டப்படி அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கொண்டாலே மனைவிக்கும் குடியுரிமை வந்துவிடும், 1922 வரை இதுதான் நிலை. கணவருடைய பத்திரத்தைத் தேடுங்கள்.

கேள்வி: பிறந்த வீட்டுப் பெயர் டெய்லர் என்று கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் எலிசபெத் டெய்லர் எக்கச்சக்கம்! எங்களுடையவர் யார்?

பதில்: இதுதான் பெரிய வேலை, பொறுமை வேண்டும். இங்கிலாந்தின் 1851 குடிக்கணக்கில் வயது, உறவு, பிறந்த ஊர் மூன்றும் இருக்கும், அங்கே தொடங்கி அப்பாவின் தொழிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் ஆரம்பித்தது, அதற்கு முன் பிறந்தவர் என்றால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு. அதில் அப்பாவின் பெயரும் தொழிலும் கிடைக்கும், அம்மாவுக்கு முதல் பெயர் மட்டும்தான். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வேண்டுமென்றால் 1837க்குப் பின் பிறந்த தம்பி தங்கைகள் யாராவது இருக்கிறார்களா பாருங்கள், அரசுப் பதிவுத்துறையின் இணைய அட்டவணையில் அவர்கள் பெயருக்கு எதிரே அது இருக்கும். பிறகு, நீங்கள் தேர்ந்தெடுத்த எலிசபெத் நாலு வயதில் இறந்துபோனாளா, 1861 குடிக்கணக்கில் இன்னும் லங்காஷயரிலேயே நெசவு செய்துகொண்டிருக்கிறாளா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் அவள் உங்கள் ஆள் இல்லை. இந்தச் சோதனையை யாரும் செய்வதே இல்லை, அதனால்தான் இணையத்தில் இத்தனை தப்பான வம்சாவளிகள்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் போட்ட வம்சாவளி நேராக ஒரு ராஜா வரை போகிறதே, நம்பலாமா?

பதில்: ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஆவணம் இணைத்திருக்கிறாரா? இல்லையென்றால் ராஜாவை விட்டுவிடுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தின் 1841 குடிக்கணக்கில் வயது 20 என்று இருக்கிறது, ஞானஸ்நானப் பதிவின்படி 23 ஆகியிருக்க வேண்டும். வேறு ஆளோ?

பதில்: அதே ஆளாக இருக்கலாம். அந்த வருடம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை அதற்குக் கீழே உள்ள ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 23ம் 24ம் 20 ஆகிவிடும். 1851 கணக்கில் 33 பக்கம் வருகிறாரா பாருங்கள், அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தால் கணவர் பெயரில்தான் தேட வேண்டும்.