பார்டர் சுகரும் மூன்று சுற்றுச் சோறும்

கேள்வி: எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. எடை 72 கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 158, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 6.1. "பார்டர்தாம்மா, பயப்படாதீங்க" என்றார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சோற்றை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறிவிட்டேன். இது போதுமா? மாத்திரை வேண்டுமா? தீபாவளிக்கு ஒரு மைசூர்பாகு கூடத் தொடக் கூடாதா?

பதில்: பயப்பட வேண்டாம் என்பது சரி. ஆனால் 'பார்டர்' என்ற சொல்தான் நம் ஆட்களை அசந்து தூங்கவைத்துவிடுகிறது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. நீங்கள் இரண்டிலும் நடுவில் இருக்கிறீர்கள்.

சென்னையில் இதே நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2006-இல் வெளியானது. பொதுவான ஆலோசனை மட்டும் கேட்டுக்கொண்டு வழக்கம்போல இருந்தவர்களில் மூன்றே ஆண்டுகளில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு: அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, அப்படியும் பலன் கிடைத்தது. எடைமிஷின் முள் அசையவில்லை என்று இரண்டாம் மாதமே விட்டுவிடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். குறைந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு ஐந்து கிலோ போதும்.

இப்போது கஞ்சிக்கு வருவோம். கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு பெரிய சொம்பு குடித்தால், மெல்லும் வேலைகூட இல்லாமல் மாவுச்சத்து வேகமாகச் சர்க்கரையாகி ரத்தத்துக்குப் போய்விடும். அரிசியா கேழ்வரகா என்பதைவிட எவ்வளவு, எதனோடு என்பதுதான் முக்கியம். அதனால் சோற்றுக்கே திரும்புங்கள், முறையை மட்டும் மாற்றுங்கள்.

நம் சாப்பாட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் 'கொஞ்சம்தான்' போடுகிறோம். மூன்று கொஞ்சம் சேர்ந்து ஒரு மலையாகிவிடுகிறது. தொட்டுக்கொள்ளப் பொரியல் இரண்டு ஸ்பூன். இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் தட்டில் பாதிக்குப் பொரியலோ கீரையோ வைத்துக்கொண்டு, கூடவே சுண்டல் அல்லது ஒரு முட்டையைச் சாப்பிடுங்கள். அப்புறம் பருப்பு தாராளமாக விழுந்த சாம்பாரோடு ஒரே சுற்றுச் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடித்துவிடுங்கள். முதல் வாரம் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும்.

கம்பெனி டீயை மறந்துவிடாதீர்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாளைக்கு நான்கு டீ என்றால் கிட்டத்தட்ட 40 கிராம் சர்க்கரை, பிஸ்கட் கணக்கு தனி. வெல்லம், கருப்பட்டி, தேன் என்று மாற்றிக்கொள்வதால் ரத்தத்துக்கு ஏதும் வித்தியாசம் தெரியாது.

நடை: வாரத்துக்கு 150 நிமிடம். ஒரேயடியாக முடியாவிட்டால் சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உண்மையில் எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். வேலை செய்கிற தசை, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அது ஏறுகிற நேரத்தில் நடந்தால் இரட்டைப் பலன். இரவு பத்து மணிக்கு நான்கு தோசை சாப்பிட்டு அப்படியே படுப்பதுதான் மிக மோசமான பழக்கம். எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் நான்கு சுற்று வாருங்கள். அலுவலகத்தில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன.

மாத்திரையை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று: கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா? இருந்திருந்தால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பற்றி யோசிக்கக் காரணம் உண்டு. இல்லையென்றால், பெரும்பாலும் மூன்று மாதம் இந்த மாற்றங்களைச் செய்துவிட்டு மறுபடி பார்க்கலாம். அப்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். டெஸ்ட் அன்று மட்டும் லேபுக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த பிறகு, தினமும் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டு இரண்டாவது டெஸ்டுக்குப் போங்கள்.

மைசூர்பாகு? தாராளமாக ஒன்று. வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு. அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மீதி டப்பாவை அன்றே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்; ஃப்ரிட்ஜில் இருந்தால் ராத்திரி கூப்பிடும்.